வாஷிங் மெஷின் பாயிண்ட் இல்லாத வீடா? தூத்துக்குடியில் மெஷின் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை என்னென்ன?

தள்ளுபடியில் மெஷின் வாங்கியாச்சு. வண்டியும் வாசலுக்கு வந்தாச்சு. மாட்டிக் கொடுக்க வந்த டெக்னீஷியன் வீட்டை ஒரு சுற்று சுத்திப் பார்த்துட்டுக் கேட்கிறார்: "அக்கா, தண்ணி லைன் எங்க? தண்ணி வெளிய போக வழி எங்க? பெரிய பிளக் எங்க?"

மூன்றுக்கும் பதில் இல்லை என்றால், அட்டைப்பெட்டியில் இருந்து இறங்கிய மெஷின் ஹாலிலேயே நிற்கும். இல்லையென்றால் அவசரத்தில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்து, பாத்ரூம் கதவு வழியாக ஒயரை விட்டு ஓட்டத் தொடங்குவோம். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

தூத்துக்குடியில் பழைய கடற்கரைத் தெரு வீடுகள், குவார்ட்டர்ஸ், சில ஆண்டுகளுக்கு முன் கட்டிய சின்ன பிளாட்டுகள் எனப் பல வீடுகளில் வாஷிங் மெஷினுக்கென்று தனி இடமோ குழாயோ கிடையாது. துவைக்கும் கல்லும் மொட்டை மாடிக் கொடியும் மட்டும் இருக்கும். அப்படிப்பட்ட வீட்டிலும் மெஷின் வைக்கலாம். ஆனால் மெஷினைத் தேர்வு செய்யும் முன்பு வீட்டைப் பார்க்க வேண்டும். எதை, எப்படிப் பார்ப்பது? முழு விவரம் இதோ.

'பாயிண்ட்' என்றால் என்ன?

மூன்று விஷயங்கள் சேர்ந்ததுதான் வாஷிங் மெஷின் பாயிண்ட்.

- தண்ணீர் உள்ளே வர, திறந்து மூடும் வசதியுள்ள தனிக் குழாய்.
- அழுக்குத் தண்ணீர் வெளியே போக ஒரு வழி.
- எர்த் உள்ள 16 ஆம்பியர் பிளக்.

இந்த மூன்றும் ஒரே இடத்தில், ஹோஸும் ஒயரும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மூன்றில் மாற்றுவதற்குக் கடினமானது தண்ணீர் வெளியேறும் வழிதான். குழாயை நீட்டலாம், ஒயரை இழுக்கலாம். தரையின் சரிவையும் கழிவுநீர்க் குழாயையும் எளிதில் மாற்ற முடியாது. அதனால் கழிவுநீர் போகும் இடத்தை முதலில் கண்டுபிடித்து, அதன் பக்கத்தில் மெஷினுக்கு இடம் தேடுங்கள்.

எங்கே வைக்கலாம்?

பாத்ரூம்: தண்ணீரும் வடிகாலும் தயாராக இருக்கும். ஆனால் ஈரமும் இருக்கும். ஷவர் தண்ணீரோ வாளித் தண்ணீரோ தெறிக்கும் தூரத்தில் பிளக் இருக்கக் கூடாது. குளிக்கும் இடத்தையும் மெஷினையும் பிரிக்கும் அளவுக்குப் பெரிய பாத்ரூம் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

சமையலறை: சிங்க் குழாயில் இருந்து ஒரு கிளை எடுக்கலாம். மேடைக்கு அடியில் வைப்பதென்றால் முன்பக்கம் கதவு உள்ள பிரண்ட் லோடு மெஷின்தான் சரிவரும். மேலே மூடி திறக்கும் டாப் லோடுக்கு மேடை இடிக்கும்.

பால்கனி, பின்பக்க வராண்டா: பலரும் தேர்ந்தெடுக்கும் இடம் இதுதான். இங்கே உப்புக்காற்று நேராக அடிக்கும். கூரை, பக்கவாட்டு மறைப்பு, மெஷின் கவர் மூன்றும் தேவை. கடலோரக் கட்டடங்களில் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து, சிமென்ட் பெயர்ந்து நிற்கும் பால்கனிகள் உண்டு. பிரண்ட் லோடு மெஷினின் எடை மட்டுமே சுமார் 60 முதல் 70 கிலோ. துணியும் தண்ணீரும் சேர்ந்து, அந்த எடையோடு அதிரவும் செய்யும். அடியில் சிமென்ட் பெயர்ந்து கம்பி தெரியும் பால்கனியில் மெஷினை வைக்காதீர்கள்.

மொட்டை மாடி: ஷெட் போட்டு வைப்பவர்கள் இருக்கிறார்கள். வெயில், மழை, உப்புக்காற்று மூன்றும் மெஷினின் ஆயுளைக் குறைக்கும். தண்ணீர்த் தொட்டி பக்கத்திலேயே இருப்பதால் குழாயில் அழுத்தமும் குறைவாகத்தான் கிடைக்கும்.

இடம் முடிவானதும் அளவு டேப் எடுங்கள். பிரண்ட் லோடு மெஷின் பொதுவாக 60 சென்டிமீட்டர் அகலம். பின்பக்கம் ஹோஸுக்கு குறைந்தது 10 சென்டிமீட்டர் விட வேண்டும். வீட்டு வாசல், மாடிப்படித் திருப்பம், பாத்ரூம் கதவு மூன்றையும் அளங்கள். மெஷின் நிற்க இடம் இருந்தும் கதவுக்குள் நுழையாமல் திரும்பிப் போன கதைகள் நிறைய.

தண்ணீர் அழுத்தம் போதுமா? வாளியை வைத்துச் சோதிக்கலாம்

தாமிரபரணித் தண்ணீரை வல்லநாட்டில் இருந்து தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தவர் என்று ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்தை இந்த ஊர் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. ஆற்றுத் தண்ணீர் குழாயில் வருவது இந்த உப்பு ஊரில் அவ்வளவு பெரிய விஷயம். ஆனால் அந்தத் தண்ணீர் நேராக மெஷினுக்குள் போவதில்லை. கீழ்த் தொட்டியில் பிடித்து, மோட்டாரில் ஏற்றி, மாடித் தொட்டியில் இருந்துதான் வருகிறது. எனவே அழுத்தம் என்பது உங்கள் தொட்டியின் உயரத்தைப் பொறுத்தது.

தொட்டித் தண்ணீரின் மட்டத்தில் இருந்து குழாய் எவ்வளவு கீழே இருக்கிறதோ, ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் 0.1 பார் அழுத்தம் கிடைக்கும். பல பிரண்ட் லோடு மெஷின்களுக்குக் குறைந்தது 0.3 முதல் 0.5 பார் தேவை. தொட்டி நேராக மொட்டை மாடித் தரையில் இருந்தால், மேல் மாடி வீட்டுக் குழாய்க்கு 2 முதல் 3 மீட்டர்தான் கிடைக்கும். அதாவது 0.2 முதல் 0.3 பார். அது போதாமல் போகலாம். அதற்கு ஒரு மாடி கீழே என்றால் 0.5 பாரைத் தாண்டும், பிரச்சினை இல்லை.

கணக்கு வேண்டாம் என்பவர்கள் வாளியை வைத்துப் பாருங்கள். குழாயை முழுசா திறந்து ஒரு நிமிடம் பிடிக்க வேண்டும். 5 லிட்டர்கூட வரவில்லை என்றால் தானாகத் தண்ணீர் எடுக்கும் மெஷின் பாதியில் நின்று 'எரர்' காட்ட வாய்ப்பு அதிகம்.

அழுத்தம் குறைவு என்றால் என்ன செய்யலாம்?

- தொட்டியை இன்னும் உயரமான மேடையில் ஏற்றலாம்.
- மாடித் தொட்டியில் இருந்து வரும் குழாயில் சின்ன பிரஷர் பம்ப் மாட்டலாம்.
- வாளியால் தண்ணீர் ஊற்றியும் ஓட்டக்கூடிய செமி ஆட்டோமேட்டிக் மெஷின் வாங்கலாம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். மாநகராட்சிக் குடிநீர்க் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவது விதிமீறல். அது பக்கத்து வீட்டுத் தண்ணீரையும் சேர்த்து இழுக்கும்.

அளவும் முக்கியம். டாப் லோடு மெஷின் ஒரு முறை துவைக்கச் சுமார் 100 லிட்டருக்கு மேல் எடுக்கும். பிரண்ட் லோடுக்கு ஏறக்குறைய அதில் பாதி போதும். வாரம் நான்கு முறை துவைத்தால் டாப் லோடுக்கு மட்டும் ஒரு 500 லிட்டர் தொட்டி காலியாகும். தினமும் தண்ணீர் வராத பகுதியில் இருப்பவர்கள் இதை முதலில் கணக்குப் போடுங்கள்.

உப்புத் தண்ணீருக்கு என்ன வழி?

உப்பளம் சூழ்ந்த ஊர் இது. கடலோரத் தெருக்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். இதில் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் இருக்கின்றன.

ஒன்று கடினத்தன்மை. கால்சியம், மெக்னீசியம் அதிகம் உள்ள தண்ணீரில் சோப்பு நுரைக்காது, துணி விறைக்கும், மெஷின் ஹீட்டரில் வெள்ளையாகப் படிமம் கட்டும். இதற்கு சாஃப்ட்னர் கருவி உதவும்.

இரண்டாவது உவர்ப்பு, அதாவது தண்ணீரில் கரைந்த சாப்பாட்டு உப்பு. சாஃப்ட்னர் இதை எடுக்காது. குழாயில் மாட்டும் சின்ன பில்டரும் எடுக்காது. உவர்நீர் மெஷினின் உலோகப் பாகங்களை அரிக்கும். இதைத் தெரியாமல் பில்டருக்குப் பணம் போட்டு ஏமாறுபவர்கள் பலர்.

உங்கள் தண்ணீர் எந்த வகை என்று தெரிந்துகொள்ள, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் செலுத்தி மாதிரியைச் சோதிக்கலாம். குடிநீருக்கான இந்தியத் தர அளவுப்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழி இல்லாத இடத்தில் 600 வரை அனுமதி. கரைந்த திடப்பொருள்களுக்கு இதே அளவுகள் 500, 2000. உங்கள் போர் தண்ணீர் இவற்றையெல்லாம் தாண்டினால், மெஷினுக்கு மாநகராட்சித் தண்ணீர் உள்ள தொட்டியில் இருந்து இணைப்புக் கொடுப்பதே நல்லது. போர் தண்ணீரைத் தரை கழுவவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளலாம்.

மெஷின் கம்பெனி சொல்லும் இடைவெளியில் படிமம் நீக்கும் பவுடர் போட்டு, துணி இல்லாமல் ஒரு முறை ஓட்டுங்கள். அந்தப் பவுடரோடு பிளீச்சிங் பவுடரை எந்தக் காரணத்துக்கும் சேர்க்கக் கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் என்ற நச்சு வாயு வரும்.

அழுக்குத் தண்ணீர் எங்கே போகும்?

பிரண்ட் லோடு மெஷினில் தண்ணீரை வெளியே தள்ளும் பம்ப் உண்டு. ஹோஸின் முனை தரையில் இருந்து சுமார் 60 முதல் 100 சென்டிமீட்டர் உயரத்தில் மாட்டப்பட்டிருக்க வேண்டும். முனையைத் தரையில் போட்டுவிட்டால், உள்ளே வரும் தண்ணீர் வந்த வேகத்திலேயே வெளியே ஓடும். மெஷின் நிரம்பவே நிரம்பாது.

செமி ஆட்டோமேட்டிக் மெஷின்களும் சில டாப் லோடு மெஷின்களும் இதற்கு நேர்மாறு. பம்ப் கிடையாது. தண்ணீர் தானாகத்தான் வடிய வேண்டும். ஹோஸ் தரையோடு இருக்க வேண்டும், நடுவில் வாசல்படி ஏறி இறங்கக் கூடாது. கடையிலேயே கேளுங்கள்: "இதுல டிரெயின் பம்ப் இருக்கா?"

இன்னொரு தவறு பல பிளாட்டுகளில் நடக்கிறது. பால்கனி ஓரமாக இறங்கும் மழைநீர்க் குழாயில் மெஷின் ஹோஸைச் சொருகிவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அந்தக் குழாய் சேகரிப்புத் தொட்டிக்குப் போகிறது என்றால், உங்கள் சோப்புத் தண்ணீர் நேராக நிலத்தடி நீரில் கலக்கிறது. நாளைக்கு அதே தண்ணீர்தான் போரில் ஏறி வரும். மெஷின் தண்ணீர் கழிவுநீர்க் குழாய்க்குத்தான் போக வேண்டும்.

கரண்ட்: உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்

சுடுதண்ணீரில் துவைக்கும் மெஷினின் ஹீட்டர் சுமார் 2,000 வாட் எடுக்கும். நம் 230 வோல்ட் மின்சாரத்தில் இது ஏறக்குறைய 9 ஆம்பியர். சாதாரண 6 ஆம்பியர் பிளக்கும், கடையில் வாங்கிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் இதைத் தாங்காது. சூடாகி, உருகி, தீப்பிடிக்கும். பெரிய பிளக்கைச் சின்ன துவாரத்தில் சொருக உதவும் கன்வெர்ட்டரும் இதே ஆபத்துதான்.

லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் இவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

- மெயின் போர்டில் இருந்து மெஷினுக்குத் தனி லைன். குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் காப்பர் ஒயர். அதற்குத் தனி எம்.சி.பி.
- 16 ஆம்பியர் பிளக், தண்ணீர் படாத உயரத்தில். பால்கனி என்றால் மூடி உள்ள பிளக்.
- உண்மையான எர்த். பழைய வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், எர்த் ஒயர் இருக்காது. சிலர் நியூட்ரலையே எர்த் முனையில் இணைத்துவிடுவார்கள். நியூட்ரல் எங்காவது துண்டானால் மெஷின் உடம்பு முழுக்க மின்சாரம் ஏறும்.
- 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. உடம்பு வழியாக மின்சாரம் கசிந்தால் நொடிக்கும் குறைவான நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும் கருவி இது. எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்றும். ஆளைக் காப்பாற்றுவது இதுதான். மாதம் ஒருமுறை அதில் உள்ள 'டெஸ்ட்' பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

"மெஷினைத் தொட்டா லேசா ஜிவ்வுன்னு இழுக்குது, செருப்புப் போட்டுக்கிட்டா சரியாயிடுது" என்று சொல்வதை அடிக்கடி கேட்கலாம். அது சரியாகவில்லை. எர்த் இல்லை என்று மெஷின் கொடுக்கும் எச்சரிக்கை அது. ஈரத் தரை, ஈரக் கை, வெறுங்கால் என்று மூன்றும் சேரும் ஒரு நாளில் அந்த 'ஜிவ்வு' உயிரை எடுத்துவிடும். மெயினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, எர்த் சரிசெய்யும் வரை மெஷினை ஓட்டாதீர்கள்.

டிரையர் தேவையா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். செமி ஆட்டோமேட்டிக் மெஷினில் 'டிரையர்' என்று சொல்லப்படுவது துணியை வேகமாகச் சுற்றிப் பிழியும் தொட்டி மட்டுமே. துணி ஈரமாகத்தான் வெளியே வரும். சூடான காற்றில் முழுசா காயவைக்கும் உண்மையான டிரையர் வேறு.

அதில் மூன்று வகை உண்டு.

- ஈரக்காற்றை வெளியே தள்ளும் வகை. சுவரிலோ ஜன்னலிலோ குழாய் விட வழி வேண்டும். இல்லையென்றால் அறை முழுக்க ஈரம் தங்கும்.
- ஈரத்தைத் தண்ணீராக்கிச் சேர்த்துவைக்கும் கண்டென்சர் வகை. வெளியே குழாய் தேவையில்லை.
- ஹீட் பம்ப் வகை. விலை அதிகம், மின்சாரம் குறைவு.

துவைப்பதும் காயவைப்பதும் ஒரே மெஷினில் நடக்கும் வகையும் இருக்கிறது. இடம் குறைந்த பிளாட்டுக்கு இது ஏற்றது. ஆனால் 8 கிலோ துவைக்கும் மெஷின் சுமார் 5 கிலோ மட்டுமே காயவைக்கும். நேரமும் பல மணி ஆகும்.

சாதாரண டிரையர் முழு லோடுக்குச் சுமார் 4 யூனிட் எடுக்கும். வாரம் இரண்டு முறை என்றால் இரண்டு மாத மின் கணக்கில் 70 யூனிட் கூடும். யூனிட் கூடக்கூட விலையும் உயரும் ஸ்லாப் முறையில் இது பில்லில் நன்றாகவே தெரியும். தூத்துக்குடியில் ஆண்டின் பெரும்பகுதி வெயிலும் காற்றும் இலவசம். நன்றாகப் பிழியும் மெஷினும், சீலிங்கில் இழுத்து இறக்கும் கொடியும் பல வீடுகளுக்குப் போதும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கைக்குழந்தையோ படுக்கையில் உள்ள முதியவரோ இருக்கும் வீட்டுக்கு டிரையர் பெரிய உதவி.

மழை வெள்ளம் வந்தால்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தரைத்தளத்தில் இருந்தவர்கள் பிரிட்ஜ், மெஷின் எல்லாவற்றையும் தண்ணீரில் பார்த்தார்கள்.

தாழ்வான பகுதியில் தரைத்தள வீடு என்றால், மெஷினை விட அகலமான உறுதியான சிமென்ட் மேடை கட்டி அதன்மேல் வையுங்கள். பிளக்கை இன்னும் உயரத்தில் வையுங்கள். சக்கரம் வைத்த ஸ்டாண்டு பிரண்ட் லோடு மெஷினின் அதிர்வுக்கு ஏற்றதல்ல.

மெஷினுக்குள் வெள்ளம் புகுந்துவிட்டால், காய்ந்துவிட்டது என்று நினைத்து சுவிட்ச் போட்டுப் பார்க்கக் கூடாது. மோட்டாரையும் மின்னணு போர்டையும் மெக்கானிக் திறந்து பார்த்த பிறகே இணைப்புக் கொடுக்க வேண்டும்.

வாடகை வீடு, அபார்ட்மென்ட்: யாரிடம் கேட்க வேண்டும்?

வாடகை வீட்டில் சுவர் உடைப்பது, குழாய் இழுப்பது, புது லைன் போடுவது எதுவானாலும் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். செலவு யாருடையது, காலி செய்யும்போது குழாயையும் பிளக்கையும் கழற்றலாமா என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். "அண்ணாச்சி சரின்னு சொன்னாங்க" என்ற வாய்வார்த்தை, அட்வான்ஸ் திரும்ப வாங்கும் நாளில் உதவாது.

சொந்த பிளாட்டாக இருந்தாலும் வெளிச்சுவர், பொதுக் கழிவுநீர்க் குழாய் ஆகியவை எல்லோருக்கும் பொது. சங்கத்திடம் கேட்காமல் தொடக் கூடாது. குவார்ட்டர்ஸில் இருப்பவர்கள் துறையின் அனுமதி வாங்க வேண்டும்.

எதையும் உடைக்க அனுமதி இல்லையா? இருக்கும் குழாயில் மாட்டிக் கழற்றும் அடாப்டர், பாத்ரூம் வடிகாலை எட்டும் ஹோஸ், ஏற்கெனவே உள்ள கீசர் பிளக் போன்ற எர்த் உள்ள 16 ஆம்பியர் பாயிண்ட். இவற்றை வைத்து எடை குறைந்த செமி ஆட்டோமேட்டிக் மெஷினைத் தாராளமாக ஓட்டலாம். பிளக்கும் தண்ணீரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கக் கூடாது என்பது மட்டும் இங்கேயும் பொருந்தும்.

மெஷின் வந்த நாளில்

- பிரண்ட் லோடு மெஷினின் பின்பக்கம் உள்ள டிரான்சிட் போல்ட்களைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்றாமல் ஓட்டினால் மெஷின் குதிக்கும், உள்பாகம் உடையும்.
- நான்கு காலும் சமமாக நிற்கிறதா என்று பாருங்கள்.
- அடியில் எலி வலை மாட்டச் சொல்லுங்கள். ஹோஸையும் ஒயரையும் எலி கடிப்பது சாதாரணமாக நடப்பது.
- துணி இல்லாமல் ஒரு முறை முழுசா ஓட்டி, ஒவ்வொரு இணைப்பிலும் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.
- துவைத்து முடித்ததும் குழாயை மூடிவிடுங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் ஹோஸ் கழன்றால், உங்கள் வீட்டோடு கீழ்வீட்டு சீலிங்கும் நனையும்.

அதனால் ஆர்டர் போடும் முன் ஒரு வாளி, ஒரு அளவு டேப், கூட ஒரு எலக்ட்ரீஷியன் என்று வீட்டை ஒரு சுற்று சுத்தி வாங்க. கழிவுநீர் வழி, தண்ணீர் அழுத்தம், எர்த் மூன்றும் சரியாக இருந்தால் எந்த மெஷின் பொருந்தும் என்பது தானாகவே தெரிந்துவிடும். மூன்றில் ஒன்று சரியில்லை என்றாலும், முதல் செலவு அதைச் சரிசெய்யத்தான். மெஷினுக்கான தள்ளுபடி அடுத்த பண்டிகைக்கும் வரும்.